இது ஊடல் இல்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

“அமெரிக்கா – ஐரோப்பா உறவில் இன்று நாம் பார்ப்பது ஊடலா, விரிசலா?” இதுதான் தலைப்பு. ஊடல்தான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். 2003இல் ஈராக் போருக்கு பிரான்ஸ் ஒத்துவரவில்லை என்ற கோபத்தில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கேன்டீனில் ‘பிரெஞ்சு ஃப்ரைஸ்’ பெயரை ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ என்று மாற்றிய கதையைச் சொன்னார். அவையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாவம், உருளைக்கிழங்கு என்ன செய்தது?

மூன்றே வருடத்தில் பழைய பெயர் திரும்பிவிட்டது, அதுபோல இதுவும் சரியாகிவிடும் என்றார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஊடலுக்கு ஓர் இலக்கணம் உண்டு ஐயா. முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். சாதத் தட்டு கொஞ்சம் ‘ணங்’கென்று விழும். அதற்காக யாரும் பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அவர் அடுக்கிய சண்டைகள் எல்லாம் எங்கே நடந்தன? 1956இல் சூயஸ்: எகிப்தின் மீது பாய்ந்த பிரிட்டனை, பவுண்டின் கழுத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார் அமெரிக்க அதிபர் ஐசனோவர். அப்புறம் வியட்நாம்: பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் வில்சன் படை அனுப்ப மறுத்தார். கடைசியில் ஈராக். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்திருக்கும் ராணுவக் கூட்டணிதான் நேட்டோ. 1949இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அதன் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, எந்த மண்ணுக்குக் காவல் என்று வேலி போடுகிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் தீவுகள் எல்லாம் அதற்குள் வரும். சூயஸ், சைகோன், பாக்தாத் மூன்றும் வேலிக்கு வெளியே. அடுத்த தெருச் சண்டைக்கு நீ ஏன் துணைக்கு வரவில்லை என்ற கோபம்தான் அதெல்லாம்.

வேலிக்குள்ளேயே 1966இல் பிரான்ஸ் அதிபர் டி கோல் முறைத்துக்கொண்டாரே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூட்டுப் படைத்தலைமையிலிருந்து பிரான்ஸை விலக்கினார். நேட்டோ தலைமையகத்தையே பாரிஸை விட்டுக் கிளம்பச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் இன்று ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது. ஆனால் ஒப்பந்தத்திலிருந்து அவர் பெயரை அடிக்கவில்லை. தனி உலை வைத்தார், அவ்வளவுதான். 2009இல் அந்த உலையும் ஒன்றாகிவிட்டது.

இன்று ஆட்டம் காண்பது, ஒருவரை ஒருவர் காப்போம் என்ற வாக்குறுதியே. 2025 ஜூனில் நேட்டோவின் ஹேக் மாநாட்டில், 2035க்குள் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக ஒத்துக்கொண்டார்களே, இது ஒற்றுமை இல்லையா என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். அந்த மாநாட்டுக்கு வரும் விமானத்தில் டிரம்ப் என்ன சொன்னார் தெரியுமா? 5ஆம் பிரிவுக்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன என்றார். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கருதுவோம் என்பதுதான் அந்தப் பிரிவு. மூச்சே அதுதான், அதற்குப் பல விளக்கமாம்!

ஜெர்மனியின் தலைமையமைச்சரான மெர்ட்ஸ் அமெரிக்க வெறுப்பாளர் இல்லை. பத்து வருடம் ‘அட்லாண்டிக் பாலம்’ என்ற பெயருள்ள சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். அவர் 2025 பிப்ரவரியில் தேர்தலில் ஜெயித்த அன்று இரவே, அமெரிக்காவைச் சாராமல் ஐரோப்பா படிப்படியாகச் சொந்தக்காலில் நிற்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே, கடன் என்றாலே நடுங்கும் அந்த நாடு, ராணுவத்துக்குக் கடன் வாங்க அரசியல் சட்டத்தைத் திருத்தியது. பாலத்துக்குக் காவல் இருந்தவரே படகு தேடுகிறார் ஐயா.

இனி அந்தப் பத்திர விஷயம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் 5ஆம் பிரிவு கையில் எடுக்கப்பட்டது. நேட்டோ வரலாற்றில் அது ஒரே முறைதான், அதுவும் அமெரிக்காவுக்காக. 13 நாட்டு வீரர்கள் ஏறிய நேட்டோ கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வானத்தில் மாதக்கணக்கில் காவல் சுற்றின. பிறகு ஆப்கானிஸ்தான். சின்னஞ்சிறு டென்மார்க் அங்கே 43 வீரர்களைப் பறிகொடுத்தது.

அந்த டென்மார்க்கிடம்தான், அதன் ஆட்சிக்கு உட்பட்ட கிரீன்லாந்து தீவைக் கொடு என்கிறது அமெரிக்கா. 1951 ஒப்பந்தப்படி அமெரிக்கத் தளம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது; போதவில்லை. 2026 ஜனவரியில், குறுக்கே நின்ற எட்டு ஐரோப்பிய நாடுகளுக்கு வரி போடுவேன் என்று டிரம்ப் மிரட்டினார். சில நாட்களில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இறங்கிவந்தார், படைபலம் பயன்படுத்த மாட்டேன் என்றார். சரி, ஓங்கிய கை இறங்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓங்கியது வேலிக்கு உள்ளே, தனக்காக உயிர் கொடுத்தவன் மீது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். கிரீன்லாந்தில் யாராவது கை வைத்தால், 5ஆம் பிரிவின்படி துணைக்கு வர வேண்டிய படைகளில் பெரியது அமெரிக்காவுடையது. வைத்த கையும் அதனுடையதாகவே இருந்தால், டென்மார்க் யாரைக் கூப்பிடும்?