தண்ணீருக்குள் செல்ஃப் அடிக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மழை நாளில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் ஆஃப் ஆகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுபவரின் கை உடனே எங்கே போகும்? சாவிக்கு. இன்று மலை ஓடையில் சிக்கிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மீட்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். அங்கேயும் முதல் பாடம் இதுதான்: தண்ணீருக்குள் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 2.2 லிட்டர் டீசல் எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒன்றுக்குச் சுமார் 550 மில்லி. பிஸ்டன் மேலே வரும்போது அவ்வளவு காற்றும் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதாவது பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 37 மில்லி. சமையலறை அளவுக் கரண்டியில் பெரியதால் இரண்டரைக் கரண்டி, அவ்வளவுதான். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியாக அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தாலும், செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் நடுவழியில் முட்டி நிற்கும், பிஸ்டனைத் தாங்கி நிற்கும் கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் அன்றைக்கே உடைய வேண்டும் என்றில்லை. கொஞ்ச நாள் ஓடிவிட்டு, ஒருநாள் எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். இரண்டரைக் கரண்டித் தண்ணீர், நேயர்களே. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே சக்கரம் மட்டும் சுழன்றால் கதை வேறு. ஆக்சிலேட்டரை அமுக்கிப் பள்ளம் தோண்டாதீர்கள். லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் அமைப்பில், ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். அந்தத் தரை வண்டியைத் தாங்கும் என்று ஏற்கெனவே தெரியும். சைலன்சர் மூழ்கியிருந்தாலும் பயம் வேண்டாம். எஞ்சின் ஓடும்வரை புகை தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நகரத் தொடங்கிய பிறகு நடுத்தண்ணீரில் கிளட்சை மிதிக்காதீர்கள். மிதித்தால் தட்டுக்கு இடையே தண்ணீர் புகுந்து வழுக்கும்.

இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதிப் பக்கம், கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் போகும் வழியில் ஓடைகள் சாலையின் மேலேயே பாயும். பனி உருகி வரும் தண்ணீர் அது. காலையில் கணுக்காலளவு, வெயில் ஏறஏற முழங்காலைத் தாண்டும். காலையில் சிக்கிய வண்டியை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். கல் மூழ்கினால் நீர் ஏறுகிறது என்று அர்த்தம். ஓடும் நீர் டயருக்கு அடியிலிருக்கும் சரளையையும் அரித்துக்கொண்டே இருக்கும். நிற்க நிற்க வண்டி இறங்கிச் சாயும். சாய்கிறது என்று தெரிந்தால் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். வண்டி அப்புறம்.

மஹிந்திரா தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டர், ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 என்றெல்லாம், வண்டி இறங்கக்கூடிய தண்ணீரின் ஆழத்தைக் கொடுத்திருப்பார்கள். கால் ஊன்றி நடக்க முடியாத வேகத்தில் தண்ணீர் ஓடினால் அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள்.

இனி இழுப்பது. தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, வண்டியை இழுக்கும் பட்டையின் ஒரு முனையைப் பின்பக்கக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியே உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிய பிறகு குளிர்ந்த தண்ணீருக்குள் குனிந்து கொக்கி தேடும் வேலை மிச்சம். சேஸிஸில் போல்ட் போட்ட, இழுக்கவென்றே அமைந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் கூடவே கூடாது. இழுவிசையில் அது முறிந்தால் தோட்டா மாதிரிப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் 4.75 டன் தாங்குவதாக இருக்கட்டும். அதன் குறுக்கே போகும் பின்னை முழுக்கத் திருகி, கால் சுற்று தளர்த்துங்கள், இல்லையென்றால் பிறகு கழற்ற வராது.

தண்ணீரில் வின்ச்தான், அதாவது கயிற்றைச் சுற்றி மெதுவாக இழுக்கும் கருவிதான், என் தேர்வு. டயருக்கு முன் பாறை இருப்பது கண்ணுக்குத் தெரியாது, வெட்டி இழுத்தால் கொக்கி பிய்ந்துவிடும். அதற்கு மெதுவான இழுப்பே நல்லது. சக்கரத்தைச் சுற்றியிருக்கும் சரளையை மண்வெட்டியால் விலக்குங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். கதவடி தண்ணீருக்கு மேலே வந்ததும் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வடியவிடுங்கள். உள்ளே 300 லிட்டர் தேங்கியிருந்தால் 300 கிலோவைச் சேர்த்து இழுக்கிறீர்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். கரையேறிய பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஃப் ஆன வண்டியென்றால் இப்போதும் செல்ஃப் வேண்டாம். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள்; டீசல் வண்டியில் க்ளோ பிளக்கை, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சூடாக இருந்து குளிர்ந்த நீரில் இறங்கும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஆயிலையும் பாருங்கள். கிளம்பியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி இருநூறு மீட்டர் ஓட்டிக் காயவிடுங்கள். வணக்கம்.