வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

நேயர்களே, வணக்கம். குளிர்காலம் பாதி கடந்ததும் எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், தைக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: எதையும் தொட மனசு வரவில்லை, வெயில் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கவலையே அந்த "அப்புறம்"தான். குளிர் நீளும் ஊர்களில் அது வருஷத்துக்கு நாலைந்து மாதம், சும்மா விட்டுவிடக்கூடிய காலமா அது?

மனசு வராததைச் சோம்பல் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். காலை வெளிச்சத்தை வைத்துத்தான் நம் உடம்பு தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சம் தாமதமாக, மங்கலாக வந்தால் தூக்கமும் குழம்பும், உற்சாகமும் குறையும். குளிர்காலந்தோறும் திரும்பி வரும் கடுமையான மனச்சோர்வை நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1984-இல் ஒரு நோயாகவே விவரித்தார்கள். அந்த அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், பகலில் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்: வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் தந்தாலே அதிகம், வெளியே மேகம் மூடிய பகலில்கூட ஆயிரத்துக்கு மேல் இருக்கும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, உடம்புக்குத் தெரியும்.

சரி, எனக்குப் பிடித்த மனிதருக்கு வருகிறேன். வில்சன் பென்ட்லி, அமெரிக்காவின் வெர்மான்டில் ஜெரிகோ என்ற ஊரில் வாழ்ந்த விவசாயி. பதினைந்து வயதில் அம்மாவிடமிருந்து ஒரு பழைய நுண்ணோக்கி கிடைக்க, அதில் பனிப் படிகங்களைப் பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பித்தார், ஆனால் வரைந்து முடிப்பதற்குள் உருகிவிடும். அவர் விடவில்லை. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று முதல் படிகத்தைப் படம் எடுத்தார், அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. எங்கே எடுத்தார் தெரியுமா, கணப்பு இல்லாத கொட்டகையில்! அறையைச் சூடாக்கினால் படிகம் போய்விடும், மூச்சுக்காற்று பட்டாலும் போய்விடும். கறுப்புப் பலகையில் பனியை ஏந்தி, நல்லதாக ஒன்றைக் கண்ணாடிச் சில்லுக்கு மாற்றி, பறவை இறகால் மெதுவாகத் தட்டையாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்பார். இப்படியே நாற்பத்தாறு வருஷத்தில் ஐயாயிரத்துக்கு மேல். மற்ற விவசாயிகள் பனி எப்போது நிற்கும் என்று பார்த்திருப்பார்கள், இவர் எப்போது விழும் என்று காத்திருந்தார்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குளிர்காலத்தில் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைக் கையில் எடுங்கள். இலை உதிர்ந்த மரத்தின் கிளை அமைப்பு கோடையில் தெரியவே தெரியாது. சாய்ந்து விழும் வெயிலின் நீண்ட நிழலும் அப்படித்தான், பனி மூடிய தெருவின் அமைதியும் அப்படித்தான், புதுப்பனி ஓசையை உறிஞ்சிக்கொள்வதால் வரும் அமைதி அது. வரைவதற்கு, எழுதுவதற்கு, பதிவுசெய்வதற்கு இவையெல்லாம் அந்த நாலைந்து மாதத்துக்குள்தான் கிடைக்கும்.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். கூட்டாக வேலை செய்வதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் குறித்து, செய்ததை ஒருவரிடம் காட்டுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அவரும் தன்னுடையதைக் காட்டட்டும். அப்புறம், ஒவ்வொரு நாளும் வேலையைப் பாதியில் நிறுத்துங்கள், மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது. நன்றி, வணக்கம்.