உடம்பு எழுதும் துண்டுச்சீட்டு

(மதுரையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் மருந்தியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘எண்டோகன்னபினாய்டு மண்டலம்’ என்று அச்சடித்துவிட்டார்கள். வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “ஐயா, கஞ்சாவைப் பத்தியா பேசப்போறீங்க?” என்றார். ஆமாம் ஐயா, அதுவும் வரும். இந்த ஆராய்ச்சியே அங்கிருந்துதான் கிளம்பியது. கஞ்சாவின் பொருளைப்போலவே வேலை செய்கிற பொருள்களை நம் உடம்பே செய்துகொள்கிறது, அந்த ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர்.

இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் என்றொரு வேதியியலாளர். போலீஸ் பறிமுதல் செய்த ஹஷீஷில் 5 கிலோ கேட்டு வாங்கி, பஸ்ஸிலேயே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாராம். பக்கத்தில் இருந்தவர்கள் “என்ன வாசம் இது?” என்று கேட்டதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். நம்மூரில் என்றால் மாட்டுத்தாவணி வந்து சேருவதற்குள் மனிதர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். அதிலிருந்து 1964-இல், போதை தரும் பொருளான டிஎச்சியை அவரும் சக ஆய்வாளர் காவோனியும் பிரித்தெடுத்தார்கள்.

அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் 24 ஆண்டு பிடித்தது. 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டெவேனும் எலி மூளையில் அது ஒட்டும் இடத்தை, அதாவது ஏற்பியைக் காட்டினார்கள். இப்போது அதை சிபி1 என்கிறோம். எங்கோ வளர்கிற ஒரு செடிக்காக மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்குமா? உடம்பே செய்கிற ஏதோ ஒரு பொருளுக்கான இடமாகத்தான் இருக்க வேண்டும். 1992-இல் ஜெருசலேமில் பன்றி மூளையிலிருந்து அந்தப் பொருள் கிடைத்தது. பெயர் அனந்தமைடு. 1995-இல் 2-ஏஜி என்ற இரண்டாவது பொருளும் வந்தது. நடுவில் 1993-இல், நோய் எதிர்ப்பு அணுக்களில் அதிகம் இருக்கிற சிபி2 ஏற்பியும் கிடைத்துவிட்டது.

இனி இது வேலை செய்கிற விதம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

நரம்பணுக்களுக்கு நடுவே செய்தி ஒரே திசையில் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒன்று சொல்லும், அடுத்தது கேட்கும். உடம்பு செய்கிற இந்தப் பொருள்கள் எதிர்த்திசையில் போகின்றன. மேடையில் ஒருவர் நீட்டி முழக்கிக்கொண்டே போனால், கீழேயிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும் இல்லையா? “ஐயா, சுருக்கவும்.” எனக்கும் வரலாம், பார்த்துக்கொண்டேதான் பேசுகிறேன். கேட்கிற நரம்பணு அளவுக்கு மேல் தூண்டப்பட்டால், தன் சவ்வில் இருக்கிற கொழுப்பை வெட்டி அங்கேயே அந்தச் சீட்டைத் தயாரிக்கிறது. அது பின்னால் போய், சொல்கிற நரம்பணுவின் சிபி1-இல் ஒட்டுகிறது. பேச்சு அடங்குகிறது. 2001-இல் மூன்று குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. வேலை முடிந்ததும் நொதிகள் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகின்றன. முன்கூட்டியே செய்து சேமித்து வைப்பது பெரும்பாலும் கிடையாது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும்.

பசி, வலி, பயந்த நினைவு மங்குவது, குடலின் அசைவு என எல்லாவற்றிலும் இதற்குக் கை உண்டு. பிறந்த அன்றே சுண்டெலிக் குட்டிகளுக்கு சிபி1-ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகள் பால் குடிக்கவில்லை. பெரும்பாலானவை செத்துப்போயின. முதல் பசிக்கே இது வேண்டியிருக்கிறது.

அதே மருந்தை மனிதனுக்கு உடம்பு இளைக்கக் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? ரிமோனபன்ட். பசியை அடக்குகிறதே, தொப்பை குறையுமே என்ற கணக்கு. கணக்கு தப்பவில்லை, எடை குறைந்தது. 2006-இல் ஐரோப்பா அனுமதித்தது. ஆனால் சாப்பிட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம். அமெரிக்க நிபுணர் குழு வேண்டாம் என்றது. 2008-இல் ஐரோப்பாவிலும் விற்பனை நின்றது. இங்கேயும் விற்றார்கள், 2009-இல் இந்திய அரசு தடை செய்தது. பசிக்கான சீட்டை மட்டும் மறிக்க நினைத்தார்கள். மாத்திரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மனசைத் தேற்றுகிற சீட்டையும் சேர்த்தே மறித்துவிட்டது.

சீட்டு கிழியாமல் நிற்கட்டும் என்று எதிர்ப்பக்கமும் பார்த்தாகிவிட்டது. அனந்தமைடைக் கிழிக்கும் நொதியை அடைக்கிற ஒரு மருந்தை 2016-இல் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான ஆட்களிடம் சோதித்தார்கள். ஒருவர் இறந்தார். இன்னும் ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்தக் குறிப்பிட்ட மருந்து வேறு புரதங்களிலும் கை வைத்ததுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதே வகையில் வேறு மருந்துகளைச் சோதித்தபோது இப்படி ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கஞ்சாப் புகை செய்வது என்ன என்று இப்போது உங்களுக்கே தெரியும். மூளையின் எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் சீட்டு போகிறது. நொதிகள் சீக்கிரம் கிழிக்கவும் முடியாது, மணிக்கணக்கில் கிடக்கும். ஞாபகம் தடுமாறுவதும் நேரம் நீண்டதுபோலத் தோன்றுவதும் அதனால்தான். மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் சிபி1 குறைவு. அபினி வகையைப்போல மூச்சு நிற்காததற்கு அது காரணம். இதைக் கேட்டு யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். பதின்வயதில் மூளை தன் இணைப்புகளை ஒழுங்கு செய்யும்போது இந்தச் சீட்டுகளும் அந்த வேலையில் இருக்கின்றன. சுவீடனில் ராணுவத்துக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டு கவனித்தார்கள். 1987-இல் முடிவு வந்தது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வந்தது, கஞ்சாவே தொடாதவர்களைப்போல ஆறு மடங்கு. எல்லாம் கஞ்சாவால்தான் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காலேஜ் வாசலில் பொட்டலம் கைமாறுகிற காலத்தில் பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நல்ல சேதிக்கு வருவோம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓடுகிறவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். ஓடியபின் வருகிற அந்த லேசான சந்தோஷத்துக்கு எண்டார்ஃபின் என்ற, உடம்பே செய்கிற வலியடக்கிதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. அனந்தமைடு நுழையும். 2012-இல் மனிதர், நாய், கீரி போன்ற ஃபெரட் என மூன்று உயிர்களை ஓடும் பட்டையில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடியபின் மனிதருக்கும் நாய்க்கும் அனந்தமைடு கூடியது. வளையில் ஒடுங்கிக் கிடக்கும் ஃபெரட்டுக்குக் கூடவில்லை. மெதுவாக நடந்தபோது மனிதருக்கும் கூடவில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு சுற்று வந்து, நேரே வடைக் கடையில் போய் நிற்கிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நடை இதயத்துக்கு நல்லது, விட்டுவிடாதீர்கள். இது வேறு கணக்கு.

மிளகிலும் கிராம்பிலும் இருக்கிற பீட்டா-கேரியோஃபிலீன் என்ற மணப்பொருள் சிபி2-இல் ஒட்டும் என்று 2008-இல் காட்டினார்கள். சுண்டெலியின் வீக்கம் குறைந்தது. மனிதருக்கு ரசம் குடித்தால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ரசம் ருசிக்காகக் குடிப்பதுதானே.

கடைசியாக, போன வாரம் ஒரு தாயார் என்னிடம் கொண்டுவந்து காட்டிய பாட்டில். ‘உடலின் சமநிலையை மீட்கும் எண்ணெய்’ என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைக்கு வலிப்பு. சிபிடி என்ற கஞ்சாப் பொருள் சில வகை குழந்தை வலிப்புகளைக் குறைப்பது உண்மை. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018-இல் அதை மருந்தாகவே அனுமதித்தது. சுத்தமாக்கப்பட்ட மருந்து, எடைக்கு ஏற்ற அளவு, இரத்தப் பரிசோதனையோடு. கடையில் வாங்கும் எண்ணெயில் எவ்வளவு சிபிடி, எவ்வளவு டிஎச்சி என்பதை லேபிளை நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தவிர, குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு சிபிடி கொடுத்தால் அந்த மருந்தின் வேலை உடம்பில் ஏறித் தூக்கம் அதிகமாகும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் இரத்தத்தில் ஈரல் நொதிகள் கூடலாம், அது ஈரல் பாதிப்பின் அறிகுறி. அம்மா, பாட்டிலைத் தூக்கி எறியவும் வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். பிள்ளையின் மருந்துச் சீட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய மாத்திரையை மட்டும் ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம்.