மெதுவாவது கடிகாரமா, காலமா?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. நான் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். காலத்தைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அந்தக் கடையில்தான் வந்தது.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒருநாள் என்னுடைய பழைய சாவி கொடுக்கிற கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் லென்ஸைச் செருகியபடியே கேட்டார்: "சார், வேகமாகப் போனால் நேரம் மெதுவாகும் என்று டிவியில் சொன்னார்கள். கடிகாரம் மெதுவாக ஓடினால் அது ரிப்பேர். எண்ணெய் காய்ந்திருக்கும், இல்லை தூசி அடைத்திருக்கும். நேரம் எப்படி சார் மெதுவாகும்?"

இதற்குக் கரும்பலகையில் எழுதுகிற சூத்திரம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது சூத்திரத்தை இல்லை. அதனால் 1971இல் நடந்ததைச் சொன்னேன்.

அந்த வருடம் அக்டோபரில் ஹாஃபிலி, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சீசியம் என்ற உலோகத்தின் அணுக்களை வைத்து மிகத் துல்லியமாக நேரம் காட்டும் நான்கு அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். ஒருமுறை கிழக்கு நோக்கி, இன்னொரு முறை மேற்கு நோக்கி. திரும்பி வந்து, வாஷிங்டனில் கடற்படை வானாய்வகத்தில் அசையாமல் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்கே போய் வந்தவை சராசரியாக 59 நானோ நொடி பிந்தியிருந்தன. மேற்கே போய் வந்தவை 273 நானோ நொடி முந்தியிருந்தன. நானோ நொடி என்பது ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

ஏன் ஒன்று பிந்தி, ஒன்று முந்த வேண்டும்? இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. உயரே போனால் ஈர்ப்பு குறைகிறது, கடிகாரம் கொஞ்சம் விரைந்து ஓடும். வேகம் கூடினால் மெதுவாகும். பூமியே கிழக்கு நோக்கிச் சுழல்வதால், பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் கிழக்கே பறக்கும் விமானம் தரையைவிட வேகமாகப் போகிறது, மேற்கே பறப்பது தரையைவிட மெதுவாகப் போகிறது. ஐன்ஸ்டைனின் கணக்குப்படி கிழக்கில் சுமார் 40 பிந்த வேண்டும், மேற்கில் சுமார் 275 முந்த வேண்டும். அளவின் பிழை வரம்புக்குள் இரண்டும் பொருந்தின.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "விமானம் குலுங்கும் சார். சூடு, குளிர் மாறும். அதில் கடிகாரம் தப்பாதா?" என்றார். நியாயமான சந்தேகம். முப்பது வருடம் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இதைக் கேட்கவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

சரி, எண்ணெயும் ஸ்பிரிங்கும் இல்லாத ஒரு கடிகாரத்தைப் பார்ப்போம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலே மோதும்போது மியூயான் என்ற துகள் பிறக்கிறது. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளிகூட 660 மீட்டர்தான் போகும். அப்படியானால் தரைக்கு ஏறக்குறைய எதுவுமே வந்து சேரக்கூடாது. ஆனால் வருகின்றன. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக மியூயான்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் உள்ளங்கையை இப்போது விரித்துப் பிடியுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் அவை அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் வாஷிங்டன் மலை என்று ஒன்று, உயரம் 1900 மீட்டருக்குச் சற்று மேல். 1960களின் தொடக்கத்தில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் அதன் உச்சியில் குறிப்பிட்ட வேகத்தில் வரும் மியூயான்களை எண்ணினார்கள். மணிக்கு சுமார் 563. பிறகு கடல் மட்டத்துக்கு அருகே வந்து எண்ணினார்கள். வழியில் அழிந்ததுபோக 27 மிஞ்சும் என்பது பழைய கணக்கு. கிடைத்ததோ 400க்கும் மேல். ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்துக்கு மேல் ஓடிவந்த அந்தத் துகள்களுக்கு, நம் கணக்கில் ஆறு மைக்ரோ நொடிக்கு மேலான அந்தப் பயணத்தில் ஒரு மைக்ரோ நொடிகூடக் கழியவில்லை. இதில் துடைக்கத் தூசியும் இல்லை, காய எண்ணெயும் இல்லை. தேய்ந்துபோக உள்ளே ஒன்றுமே இல்லாத துகள் அது.

இதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் ஒன்று கேட்டேன்: "சாவிக் கடிகாரம் ஒன்று, பேட்டரிக் கடிகாரம் ஒன்று, அணுக்கடிகாரம் ஒன்று. மூன்றும் ஒரே அளவு பிந்துகிறது, நூலளவு வித்தியாசம் இல்லை. எதில் பழுது?"

"மூன்றுக்கும் ஒரே பழுது வராது சார். அப்போது கடிகாரத்தில் கோளாறு இல்லை. நான் ஒத்துப் பார்த்த ரேடியோவில்தான் கோளாறு."

அவர் தினமும் காலையில் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்தைக் கேட்டுத்தான் கடையில் எல்லாக் கடிகாரத்தையும் ஒத்து வைப்பார். அதனால் அவருக்கு அப்படித் தோன்றியது. 1905இல் ஐன்ஸ்டைன் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். ரேடியோவிலும் கோளாறு இல்லை, அண்ணாச்சி. பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரே பீப் சத்தம் ஒலிபரப்புகிற நிலையம் எங்கேயும் கிடையாது, அவ்வளவுதான். ஒவ்வொரு கடிகாரமும் தான் போன பாதையின் நேரத்தைச் சரியாகவே காட்டுகிறது. பாதை வேறானால் நேரமும் வேறு.

நம்பக் கஷ்டமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். 1977 ஜூனில், ஜிபிஎஸ் திட்டத்துக்கான சோதனையாக, சீசியம் கடிகாரத்தோடு ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அதைச் செய்தவர்களில் சிலருக்கே இந்த விளைவு உண்மையா என்ற சந்தேகம் இருந்தது. அதனால் திருத்தம் செய்யும் கருவியை உள்ளே வைத்துவிட்டு, முதலில் அதை இயக்காமலே விட்டார்கள். சுமார் இருபது நாள் கவனித்ததில், கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தியது. கணக்கு சொன்னதும் ஏறத்தாழ அதுவே. கருவியை இயக்கினார்கள். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஒரே நாளில் இடத்தைக் காட்டுவதில் பிழை 11 கிலோமீட்டர் வரை சேரும். செல்பேசி வரைபடத்தை நம்பி வண்டி ஓட்டுகிறவர் எல்லோரும் கால விரிவை, அதாவது பாதைக்குப் பாதை நேரம் மாறுவதை நம்பித்தான் ஓட்டுகிறார்.

அப்புறம் எல்லோரும் கேட்பது: வேகமாகப் போனால் அதிக நாள் வாழலாமா? விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்து வருபவர், நம்மைவிட ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு இளமையாக இறங்குவார். ஆனால் அவருக்குக் கூடுதலாக ஒரு மூச்சும் கிடைப்பதில்லை. அவருடைய இதயம், பசி, நினைப்பு எல்லாம் அவருடைய நேரத்தோடேயே நடக்கின்றன.

கடைசியாக அண்ணாச்சி, "அப்படியானால் நேரம் என்றால் என்ன சார்?" என்றார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒருவருக்கு எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை இயற்பியல் மிகத் துல்லியமாகச் சொல்லும். 'இப்போது' என்று நாம் உணர்கிற அந்தக் கணம் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை அந்தச் சமன்பாடுகள் சொல்வதில்லை. 1955இல் நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது, நேற்று, இன்று, நாளை என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மாயைதான் என்று அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டைன் எழுதினார். அதை இயற்பியலின் இறுதித் தீர்ப்பாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வதில்லை. நண்பனை இழந்த முதியவர் ஒருவர், துக்க வீட்டுக்கு எழுதிய ஆறுதல் அது. அடுத்த மாதமே அவரும் போய்விட்டார்.

அண்ணாச்சி என் கடிகாரத்தை மூடி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கையில் கொடுத்தார். இந்த நேரத்தில் அவர் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். என் உரை முடிந்ததும் நேரம் சொல்வார்கள், அதைக் கேட்டு எல்லா முள்ளையும் ஒத்து வைப்பார்.

வணக்கம்.