ஒரு சாண் அலை

பெரியவர்களுக்கும், அக்கா அண்ணன்மாருக்கும், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எல்லாரும் வலது கையை விரியுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் முடிந்த மட்டும் நீட்டுங்கள். அதுதான் சாண். எங்கள் ஆயா துணி அளந்தது இப்படித்தான். என் சாண் 21 சென்டிமீட்டர். வானத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அணு தானாக விடும் ரேடியோ அலையின் நீளமும் 21 சென்டிமீட்டர்தான். இதைப் படித்த அன்று பட்டறையில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஸ்கேலை வைத்துக் கையையே அளந்துகொண்டிருந்தேன்.

இது தற்செயல்தான். என் கைக்கும் அண்டத்துக்கும் ஏதோ ரகசிய உறவு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் என்னைப் போன்ற சிற்பிக்கு அளவு கையில் பிடிபட வேண்டும். ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரமான ஒளியாண்டை எந்த ஓலையில் மடிப்பது? ஒரு சாண் என்றால் மடிக்கலாம்.

ஒரு தனி ஹைட்ரஜன் அணு அந்த அலையை விட, சராசரியாக ஒரு கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். அணுக்கள் கணக்கில்லாமல் இருப்பதால்தான் நமக்கு அது இடைவிடாமல் கேட்கிறது. கேட்கும் காது எங்கே இருக்கிறது? நம் தென்னாப்பிரிக்காவில், கரூ பாலைவெளியில், கார்னார்வன் ஊருக்கு அப்பால். மீர்காட் என்ற ரேடியோ தொலைநோக்கியின் 64 கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். 2018-இல் திறந்தார்கள். டர்பனில் இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது நம்முடையது என்ற எண்ணம் இருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

2022 தொடக்கத்தில் அந்தக் கிண்ணங்கள் எடுத்த ஒரு படம் வெளிவந்தது. நம் பால்வீதியின் நடுப்பகுதி. அதுவும் ஏறக்குறைய ஒரு சாண் நீள அலையில் எடுத்ததுதான். அதில் கிட்டத்தட்ட ஆயிரம் இழைகள் தெரிகின்றன. சில இழைகள் 150 ஒளியாண்டு வரை நீளம். காந்தப்புலத்தைச் சுற்றிச் சுற்றி, ஒளிக்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் எழுப்பும் ரேடியோ ஒளி அது. சீப்புப் பல் மாதிரி சில இடங்களில் வரிசையாக நிற்கின்றன. பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இது மெழுகு இழை.

மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் மெழுகு வார்ப்பு. அது தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிக் குழைத்து, சூடு ஆறுவதற்குள் பலகையில் உருட்டி நூலாக இழுப்போம். நடராசர் சடையும் பூணூலும் அப்படி இழுத்து ஒட்டியவைதான். நான் ஒவ்வொரு இழையையும் சரியாக ஒரு சாண் இழுத்தேன். விரல் சூட்டுக்கே வளையும். ஊதினால் இறுகும். நூற்றுக்கு மேல் இழுத்து, படத்தில் பார்த்த மாதிரி சீப்பு சீப்பாக ஒட்டினேன். சுவாமிமலையில் காவிரி வண்டல் பூசுவார்கள். இங்கே காவிரிக்கு எங்கே போவது? உம்கேனி ஆற்றோர மண்ணை அரைத்து, வெள்ளைத் துணியில் மூன்று முறை சலித்துப் பூசினேன்.

முதல் வார்ப்பு வெடித்தது. நான் அவசரப்பட்டேன். டர்பன் ஜனவரி மாத ஈரக்காற்றில் மண் முழுசாகக் காயவில்லை. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். உலோகம் ஊற்றிய மறுநொடி மண்கட்டு பிளந்து, தரையெல்லாம் சிவப்புத் துளிகள். யாருக்கும் காயம் இல்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அடுத்த மண்கட்டை ஏழு வாரம் காயவிட்டேன்.

அந்த ஏழு வாரத்தில்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது. தேன்மெழுகில் ஒரு கரி அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் அணு வீதம் இருக்கிறது. அந்த ஹைட்ரஜனின் அணுக்கரு, அண்டம் பிறந்த முதல் சில நிமிடங்களுக்குள் உண்டானது, 1,380 கோடி ஆண்டுப் பழசு. மண்கட்டைச் சுடும்போது மெழுகு உருகி வழிகிறது, மிச்சம் எரிந்து போகிறது. அந்த வெற்றிடத்துக்குள் பஞ்சலோகம் போகிறது. செம்பு, பித்தளை, ஈயம், கொஞ்சம் வெள்ளி, ஒரு துளி பொன். இதில் எதுவும் அண்டம் பிறந்தபோது இல்லை. எல்லாம் நட்சத்திரங்கள் வாழ்ந்தும் செத்தும் சமைத்தவை.

பொன் எப்படி வருகிறது என்பதற்கு 2017 ஆகஸ்டு 17 அன்று ஒரு சாட்சி கிடைத்தது. 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள், அதாவது செத்த பெரிய நட்சத்திரங்களின் இறுகிய மிச்சங்கள், மோதி ஒன்றான அதிர்வு பூமிக்கு வந்தது. அதன் பின்னொளியைப் பல தொலைநோக்கிகள் பிரித்துப் பார்த்தன. சதர்லாந்தில் இருக்கும் நமது சால்ட்டும் அதில் ஒன்று. பொன் மாதிரியான கனமான தனிமங்கள் அங்கே சமைகின்றன என்று தெரிந்தது. உலோகம் உருக்கும் என் மூசையில் போட்ட அந்தத் துளி பொன், அம்மாவின் உடைந்த தோட்டுத் திருகாணி. அப்படி ஒரு மோதலில் பிறந்த பொன்னாக அது இருக்கலாம்.

ஆக, ஒரு மெழுகு வார்ப்பு நடக்கும்போது ஆதிப்பொருள் வெளியே போகிறது, நட்சத்திரம் சமைத்த பொருள் உள்ளே வருகிறது. கோள்களையும் சுழல்களையும் படம் போலச் செய்து வைப்பதை அதோடு நான் விட்டுவிட்டேன்.

சரி, நடராசரைப் பற்றிக் கேட்பீர்கள். ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் இந்தியா கொடுத்த இரண்டு மீட்டர் நடராசர் 2004 முதல் நிற்கிறார். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் சோழர் காலத்து ஸ்தபதிக்கு அணுத்துகள் தெரிந்திருந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தம் வரும். அவருக்குத் தெரிந்திருந்ததே எவ்வளவு பெரியது! தூக்கிய கால், விரிந்த கை, பறக்கும் சடை, இவ்வளவு பாரத்தையும் முயலகன் மேல் ஊன்றிய ஒற்றைக் காலில் இறக்கி நிறுத்தியிருக்கிறாரே, அந்தக் கணக்கை நாம் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது வார்ப்பு நன்றாக வந்தது. ஆனால் இழைகள் என் சாணை விடக் கொஞ்சம் குட்டை. உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். அந்தக் குறையை அப்படியே விட்டிருக்கிறேன், அரம்கூடப் போடவில்லை. மேடைக்குக் கீழே அந்த மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் வாருங்கள். தொடலாம். உங்கள் சாணை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.