குலுக்கலில் வந்த 150 பேர்

நேயர்களுக்கு வணக்கம். காலநிலை மாற்றம் குறித்து முடிவெடுக்கும்போது மக்களையும் கேட்க வேண்டும் என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயமே. பிரான்ஸில் நடந்த ஒரு முயற்சியை வைத்து இதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2018 நவம்பரில் அந்த நாடு முழுக்க மஞ்சள் அங்கி அணிந்தவர்கள் சாலைகளை மறித்தார்கள். பெட்ரோல், டீசல் மீதான கார்பன் வரியை அரசு இன்னும் ஏற்றப் போகிறது என்பதில் ஆரம்பித்த கோபம் அது. பேருந்து வசதி இல்லாத ஊர்களில் இருந்துகொண்டு, காரை நம்பியே வேலைக்குப் போகிறவர்கள் பலர் அதில் இருந்தார்கள். சுமை ஏன் எங்கள் தலையில் என்று கேட்டார்கள். டிசம்பரில் அரசு பின்வாங்கியது.

சரி, மக்களே வழி சொல்லட்டும் என்று அதிபர் மக்ரோன் 2019இல் ஒரு குடிமக்கள் அவையைக் கூட்டினார். தொலைபேசி எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, வயது, படிப்பு, தொழில், வட்டாரம் எல்லாம் பார்த்து 150 பேரைச் சேர்த்தார்கள். நீதிமன்ற ஜூரிகளுக்குத் தருவதுபோல நாளுக்குச் சுமார் 86 யூரோ படியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். படி இல்லையென்றால் நேரமும் வசதியும் உள்ளவர்கள் மட்டும்தானே வருவார்கள்?

1990இல் இருந்த அளவிலிருந்து, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை 2030க்குள் 40 சதவீதமாவது குறைக்க வேண்டும், அதுவும் சமூக நீதி கெடாமல். இதற்கு வழி சொல்வதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. ஏழு அமர்வுகள், ஏராளமான நிபுணர்கள், நடுவில் கொரோனா. 2020 ஜூனில் 149 பரிந்துரைகளைக் கொடுத்தார்கள். வார வேலை நேரத்தை 28 மணியாகக் குறைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை அவர்களே ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். சாதாரண ஆட்கள் கூடினால் இனிப்பானதையெல்லாம் கேட்பார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிந்துரைகளை 'வடிகட்டாமல்' முன்னெடுப்பேன் என்று மக்ரோன் வாக்குக் கொடுத்திருந்தார். அப்புறம் மூன்றை நேரடியாகவே மறுத்தார். நெடுஞ்சாலையில் வேகத்தை மணிக்கு 110 கிலோமீட்டராகக் குறைப்பது அதில் ஒன்று. மற்றவற்றில் பல சட்டமாகும் வழியில் இளைத்தன. நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு விமானம் வேண்டாம் என்றது அவை. 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் அதை இரண்டரை மணி நேரமாக்கியது. கடைசியில் நின்றவை மூன்றே தடங்கள்: பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன்.

2021 பிப்ரவரியில் அந்த உறுப்பினர்கள் மறுபடி கூடி அரசுக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு 3.3! 'வடிகட்டாமல்' என்று மக்ரோன் வாக்குக் கொடுத்ததே தவறு என்பது என் கருத்து. எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தருவோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

நம் ஊரில் இதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது, அனல்மின் நிலையம் போன்ற திட்டங்களுக்கு மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம். கொள்கையைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. திட்டம் தயாரான பிறகுதான் கேட்கிறார்கள். படியும் கிடையாது, ஒரு நாள் கூலி போகும். ஆனால் ஒரு பிடி இருக்கிறது. பேசப்பட்டதன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுப்பிய பிரச்சினைகளுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். அடுத்த முறை போனால் அந்த வாசிப்பு வரை இருங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால், ஆட்சியர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுந்து கேளுங்கள். வணக்கம்.