வெள்ளைக் குப்பியும் ஒரு சீழ்க்கையும்

நேயர்களுக்கு வணக்கம். மணம் வானொலியில் வராது, தொலைக்காட்சியிலும் வராது. அப்படியிருக்க, சவரம் செய்த கன்னத்தில் தடவிக்கொள்ளும் ஒரு திரவத்தை விளம்பரம் போட்டு எப்படி விற்பது? ஓல்டு ஸ்பைஸுக்கு எண்பது வருஷத்துக்கு மேலாக இதே பாடுதான்.

வில்லியம் லைட்ஃபுட் ஷுல்ட்ஸ் 1934-இல் நியூயார்க்கில் ஷுல்டன் கம்பெனியைத் தொடங்கினார். 1937-இல் ஓல்டு ஸ்பைஸ் என்ற பெயரில் முதலில் வந்தது பெண்களுக்கான சரக்கு. ஆண்களுக்கானது அடுத்த வருஷம்தான். முகர முடியாத வாசனைக்கு ஓர் உருவம் வேண்டுமே, குப்பியில் பாய்மரக் கப்பல்களைப் போட்டார்கள். அவற்றிலொன்று அமெரிக்காவிலுள்ள சேலம் துறைமுகத்தின் கிராண்ட் டர்க், 1786-இல் சீனத்துக் கான்டன் வரை போன நிஜக் கப்பல். குப்பியும் முதலில் மண்பாண்டம்தான்; வெள்ளைக் கண்ணாடி பிற்பாடு வந்தது.

பூசியதும் சுரீரென்று எரிகிறதே, அது மருந்து வேலை செய்வதால் என்பார்கள். அப்படியில்லை. தோலில் சூட்டை உணரும் ஒருவகை ஏற்பி 42 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். நம் தோலின் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே சுட்டுவிட்டதென்று மூளை நம்பிவிடுகிறது. மழுங்கிய பிளேடால் கீறல் விழுந்திருந்தால் எரிச்சல் இன்னும் கூடும். சவரம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஒரு நிமிஷம் விட்டு, நாலைந்து சொட்டை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றினால் போதும். வறண்ட தோல்காரர்களுக்கு ஆல்கஹாலே ஆகாது. மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்தால் முதலில் பறப்பது ஆல்கஹாலும் மெல்லிய வாசனைகளும்தான். அடியில் மிஞ்சுவது கனத்த நெடி.

விளம்பரத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கரையிறங்கும் மாலுமியும் அவன் சீழ்க்கையும். பிரிட்டனில் 1970-களில் கடலலைமேல் சறுக்குபவன், பின்னணியில் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃபின் முழக்கம். அலைக்கும் சவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை!

1990-இல் ஓல்டு ஸ்பைஸை பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி வாங்கியது. சீக்கிரமே பழைய கப்பலை இறக்கிவிட்டு உல்லாசப் படகை ஏற்றினார்கள். என் கணக்கில் அது தப்பு. தாத்தா வாசனை என்ற பேச்சு படத்தை மாற்றினால் போய்விடுமா?

2010-இல் வீடன் பிளஸ் கென்னடி விளம்பர ஏஜென்சி வேறு வழி பிடித்தது. விற்க வேண்டியது குளியல் சோப்புத் திரவம். வீட்டுக்கு அதை வாங்கி வருவது பெரும்பாலும் பெண்கள். ஆகவே விளம்பரத்தில் நடிகர் ஐசையா முஸ்தாஃபா "ஹலோ, லேடீஸ்" என்று அவர்களிடமே பேசினார். குளியலறை, படகு, குதிரை எல்லாம் வெட்டில்லாமல் ஒரே ஓட்டம். சுவர் மேலே தூக்கப்படும், சட்டை மேலிருந்து வந்து தோளில் விழும். கான் விளம்பர விழாவில் கிராண்ட் பிரீ என்ற உச்சப் பரிசு, பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது.

அத்தனை புதுமைக்கும் கடைசியில் காதில் விழுவது அதே பழைய மாலுமியின் சீழ்க்கை.